காலி செய்யப்போகிற வீட்டில் தோட்டம் எதற்கு?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் எங்கள் வட்டத்தில் இல்லை. காலை நடைக்குப் போகிறவர்கள், பால் வாங்கப் போகிறவர்கள், பென்ஷன் விஷயமாக மனு எழுதித் தரச் சொல்லி வருகிற நண்பர்கள் என்று எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். “சார், இது கம்பெனி வீடு. நாளைக்கே காலி பண்ணுன்னா பண்ணிட்டுப் போகணும். இதுல போயி எதுக்கு இவ்வளவு பாடு?”

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. எழுபதைத் தாண்டிய மனிதன் வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறானே என்ற அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் கேள்வி தவறு. அதிலும் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிற யாரும் கேட்கவே கூடாத கேள்வி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வேலியோரம் வந்து சண்டை போடுங்கள். போகும்போது இரண்டு புடலங்காய் தருகிறேன்.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு ஒதுக்கிய இந்தக் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த முதல் ஆடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டே பாத்தி. ஒன்றில் முளைக்கீரை, இன்னொன்றில் வெண்டை. கீரை இருபத்தைந்தாம் நாள் வீட்டுக்குள் வந்தது. வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்த்தது. அடுத்த வருடம் பக்கவாட்டு இடம் முழுதும் கத்தரி, மிளகாய், கொத்தவரை. மூன்றாம் வருடம் வேலியே பந்தலானது: அவரை, பீர்க்கு, பாகல், கொடிப்பசலை. பிறகு முன்வாசல். ரோஜாத் தொட்டி இருந்த இடத்தில் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வந்தன. மருமகள் முதலில் முகம் சுளித்தாள். இப்போது அவள்தான் வல்லாரைக்கு ஈரமான மூலை தேடிக் கண்டுபிடித்தாள். தண்ணீர்க் குழாயடியில் சேனையும் கருணையும். சளிக்குத் தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதொடை. கொசுவுக்கு நொச்சி. மழை பிடித்தால் தரையோடு படர்கிற முசுமுசுக்கை தானாகவே வரும். நான் நட்டதில்லை, பிடுங்கவும் மாட்டேன்.

இங்கே மண் செம்மண். மணல் கலந்தது. ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட எரு தங்காது. பலாவுக்கும் முந்திரிக்கும் தங்கமான மண். கீரைக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. அதனால் நான் உண்மையில் காய்கறி வளர்ப்பதைவிட மண்ணைத்தான் வளர்க்கிறேன். சமையலறைக் கழிவு, பலா இலைச் சருகு, மாட்டுச் சாணி இவற்றை ஒன்பது வருடமாக ஊட்டியதில் பாத்தியில் மேலே ஒரு சாண் அளவுக்கு மண் நிறம் மாறியிருக்கிறது. கையில் அள்ளினால் உதிராமல் கொஞ்சம் ஒட்டுகிறது. மண்புழு தெரிகிறது. ஒன்பது வருட உழைப்புக்கு ஒரு சாண். இந்த ஒரு சாணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். காலி செய்யப்போகிற வீடு.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் எந்த நாற்காலியும் நம்முடையது இல்லை. எந்த ஃபைலும் நம்முடையது இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுதல் உத்தரவு வரும். வந்ததும் சார்ஜ் ஒப்படைப்புப் பட்டியல் எழுத வேண்டும்: இத்தனை ஃபைல், இத்தனை பதிவேடு, இத்தனை நிலுவை. நாளை மாறுதல் வரலாம் என்பதற்காக இன்றைக்குப் பதிவேட்டை எழுதாமல் இருந்த எழுத்தர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். நமக்கு முன்னால் ஒருவர் இருந்தார், பின்னால் ஒருவர் வருவார், நடுவில் இருக்கும்வரை நாம் பொறுப்பு. அரசு வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தத்துவம் இதுதான்.

இந்த வீட்டின் பின்னால் ஒரு பலா மரம் நிற்கிறது. நான் வைத்ததில்லை. மகன் வைத்ததில்லை. எங்களுக்கு முன் இங்கே குடியிருந்த யாரோ ஒரு தொழிலாளி வைத்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் இது காலி செய்யப்போகிற வீடுதான். ‘நான் பழம் தின்னவா போகிறேன்’ என்று அவர் நினைத்திருந்தால், வைகாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சுளை தின்று கொட்டையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற நண்பர்கள் வெறுங்கையோடு போயிருப்பார்கள். இதற்கு முன் வேறொரு வட்டத்தில் இருந்தோம். அங்கே நான் வைத்த எலுமிச்சையும் முருங்கையும் இன்றைக்கும் காய்க்கின்றன. அங்கே இப்போது குடியிருப்பவர்கள் பறிக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பேன். எனக்கு அதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

சரி, இது எல்லா அரசுக் குடியிருப்புக்கும் பொருந்தும். நெய்வேலிக்கு மட்டும் பொருந்துகிற காரணம் ஒன்று உண்டு.

நம் கடலூர் மாவட்டத்தில் ‘கொல்லை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வீட்டின் பின்புறமும் கொல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற புன்செய்க் காடும் கொல்லை: முந்திரிக் கொல்லை, பலாக் கொல்லை, மணிலாக் கொல்லை. 1956-இல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இந்த வரலாறு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆண்டு விழா மலரில் வரும். மலரில் சிறிய எழுத்தில் வருகிற இன்னொரு வரலாறும் உண்டு: சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நாம் குடியிருக்கிற இந்த அழகான டவுன்ஷிப்புக்கும் கிராமங்கள் இடம் பெயர்ந்தன. அவர்களுடைய கொல்லை போய்த்தான் நமக்குக் கொல்லைப்புறம் வந்தது.

அதாவது இங்கே முதன்முதலில் காலி செய்து கொடுத்தவர்கள் நாம் இல்லை. அவர்கள். அவர்கள் நம்மிடம் சார்ஜ் ஒப்படைத்தபோது மண் உயிரோடு இருந்தது. நாம் அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது எப்படி இருக்கப்போகிறது?

எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன். பக்கவாட்டில் சிமெண்ட் பூசியவர்கள், பேவர் பிளாக் பதித்தவர்கள், கார் நிறுத்த கருங்கல் ஜல்லி கொட்டியவர்கள் என்று பாதி வீடுகள். மீதிப் பாதியில் நாலைந்து வீட்டில் மட்டும் தோட்டம். மற்றவற்றில் காட்டாமணக்கும் பார்த்தீனியமும். சிமெண்ட் பூசிய நண்பர் ஒருவர் சொன்னார்: “மண்ணு இருந்தா ஒரே அழுக்கு சார், பாம்பு வேற வருது.” காலி செய்யப்போகிற வீட்டில் கத்தரிச் செடி வைக்கத் தயங்குகிறவர், அதே வீட்டில் சிமெண்டுக்குப் பல ஆயிரம் செலவு செய்யத் தயங்கவில்லை. ஆக, பிரச்சினை காலி செய்வதில் இல்லை. மண் என்றால் அழுக்கு, சிமெண்ட் என்றால் சுத்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. அங்கேதான் பிரச்சினை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது ஒரு சொல் அகப்பட்டது. ‘மேல்மண்’. விவசாயியிடம் கேளுங்கள், மேல்மண் என்றால் உயிர். அதில்தான் வேர் ஓடும், அதில்தான் சத்து. இயற்கையாக ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றாண்டுகள் பிடிக்கும். சுரங்கத்தில் கேளுங்கள், மேல்மண் என்றால் நிலக்கரியை அடைவதற்கு முன் தள்ள வேண்டிய தடை. ‘மேல்மண் நீக்கம் இத்தனை லட்சம் கன மீட்டர்’ என்று சாதனைக் கணக்கு வரும். நம் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே சுமார் ஐம்பது முதல் நூறு மீட்டர் மண் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் அதிகமாக அள்ளிக் கொட்ட வேண்டும். நூறு மீட்டரில் மேலே உள்ள அந்த ஒரு சாணை யார் தனியாகப் பார்ப்பது? ஒரே சொல், இரண்டு உலகம். டவுன்ஷிப்பில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்ததில் நாம் இரண்டாவது உலகத்தின் அகராதியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

தப்பாக நினைக்காதீர்கள். சுரங்கத்தை மூடு என்று சொல்ல நான் வரவில்லை. நான் இதை எழுதும்போது தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன் அந்த மின்சாரத்தில்தான் சுற்றுகிறது. மகனின் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால்தான் நமக்குக் கடமை அதிகம் என்கிறேன்.

2023 ஜூலையை நினைவிருக்கிறதா? அந்த மாதம் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்றது. நம் வட்டத்துப் பெண்கள் ரசத்துக்குப் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்தார்கள். அதே மாதக் கடைசியில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றி விடும் கால்வாய்க்காக, நெல் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நிறுவனம் தன் பக்கத்தைச் சொன்னது: நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி தண்டபாணி வேதனைப்பட்டுப் பேசினார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்.

எழுத்தர் புத்தி எனக்குப் போகவில்லை. அரசுக் கணக்கில் வருவாய்க் கணக்கு வேறு, மூலதனக் கணக்கு வேறு. பயிர் வருவாய். இந்தப் போகம் போனால் அடுத்த போகம். மண் மூலதனம். வளையமாதேவிக் கணக்கில் நிலத்துக்கு விலை என்று ஒரு தலைப்பு இருக்கிறது, பயிருக்கு இழப்பீடு என்று ஒரு தலைப்பு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எரு அடித்து உருவாக்கிய அந்த மேல் ஒரு சாணுக்குத் தலைப்பே இல்லை. நிலத்தின் விலைக்கு, அது ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தெரியும். அதில் எத்தனை மண்புழு என்பது தெரியாது. இது எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருடம் பாடுபட்டு ஒரு சாண் மண்ணை நிறம் மாற்றியவனுக்குத் தெரியும். சிமெண்ட் பூசியவருக்குத் தெரியாது. தெரியாதவர்கள்தான் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு “அதான் பணம் குடுத்துட்டாங்களே” என்கிறார்கள். என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

அடுத்தது கணக்குப் போடுகிறவர்கள். “கொத்தமல்லிக் கட்டு பத்து ரூபா சார். அதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?” நானும் கணக்கு எழுதுகிறேன், அதற்கென்று தனி நோட்டு இருக்கிறது. போன வருடம் சாணி எரு, விதை, சணல் கயிறு, மண்வெட்டிக்குப் புதுப் பிடி எல்லாம் சேர்த்து 4,260 ரூபாய். வீட்டுக்கு வந்த காய், கீரை சந்தை விலையில் 11,000 சொச்சம். என் கூலியைச் சேர்த்தால் சுத்த நஷ்டம். மறைக்கவில்லை. ஆனால் இதுவும் வருவாய்க் கணக்கு மட்டும்தான். மூலதனத்தில் ஒரு சாண் கூடியிருக்கிறது. கொத்தமல்லிக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சில வருடம் வருவாய்ப் பக்கமே வாயடைக்க வைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. பண்ருட்டி வரை பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரத்தை நம்பியவர்கள் திரும்பத் தலையெடுக்கப் பல வருடம் ஆனது. நான் அப்போது இருந்த வீட்டில் முருங்கை முறிந்தது, பந்தல் பறந்தது. தை பிறந்ததும் விதைத்தேன், மாசிக்குள் கீரை வந்துவிட்டது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பியவர்களால் நம் மாவட்டமே பயந்து கிடந்தது. வெளியே போகப் பயந்த நாட்களில் எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்குக் கீரையும் முருங்கைக்காயும் வேலிமேல் வைத்துவிட்டு வருவேன். அந்த மாதம் யாரும் கொத்தமல்லி விலை பேசவில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களையும் விடப்போவதில்லை. இவர்கள் தோட்டத்துக்கு எதிரிகள் அல்ல, அதிகமான ரசிகர்கள். மொட்டை மாடியில் பத்துப் பைகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி நாலு தக்காளி பழுத்ததும், “வீட்டுக்கு வீடு தோட்டம் போட்டால் போதும், விவசாயியை நம்ப வேண்டாம்” என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். ஐயா, என் தோட்டத்தில் நெல் விளையாது. துவரம் பருப்பு கிடையாது. எண்ணெய் கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய வெங்காயம்கூட அதில் வராது. வீட்டுத் தோட்டம் வயலுக்கு மாற்று ஆகவே ஆகாது. வயலின் அருமையைத் தெரிந்துகொள்ள ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். நாலு தக்காளியைக் காட்டி நாற்பது ஏக்கர் போனதை மறக்கச் சொல்வது சிமெண்ட் பூசுவதைவிட மோசம்.

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆட்சி மாறிய பிறகும் அந்தப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ‘லெசோன் தெ ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு கற்பது. ஈரப் பஞ்சில் மொச்சைக் கொட்டையை வைத்து வேர் விடுவதைப் பார்த்துப் படம் வரைய வேண்டும். காய்கறித் தோட்டத்துக்குப் பிரெஞ்சில் ‘பொத்தாஜே’ என்று தனிப் பெயர். பானைக்குப் போகிற பொருள் விளைகிற இடம் என்று அர்த்தம். பூந்தோட்டம் வேறு, அது வேறு. ஆரம்பப் பள்ளியிலேயே வாத்தியார் இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படிப்பின் பழக்கத்தில் பிரான்சு நாட்டுச் சுரங்க ஊர்களைப் பற்றிப் பின்னாளில் தேடிப் படித்தேன். வட பிரான்சில் நிலக்கரிச் சுரங்கங்கள் தொழிலாளிக்கு வரிசை வீடு கட்டிக் கொடுத்தன, நம் குவார்ட்டர்ஸ் மாதிரியே. வீட்டோடு ஒரு துண்டுத் தோட்டமும் கொடுத்தன. கம்பெனிகள் புண்ணியத்துக்குக் கொடுக்கவில்லை. தொழிலாளி சாராயக் கடைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போகாமல் மாலையில் மண்வெட்டியோடு கிடக்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதே வட பிரான்சில் லெமீர் என்ற பாதிரியார், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், 1896-இல் தொழிலாளர்களுக்குத் தோட்டத் துண்டு கிடைக்க ஓர் அமைப்பையே தொடங்கினார். யார் என்ன எண்ணத்தில் கொடுத்தாலும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் விளைந்தது தொழிலாளியின் பானைக்குத்தான்.

அந்த வட்டாரத்தில் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோ அந்தச் சுரங்க வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கக் கோபுரம், சக்கை மலைகளோடு தொழிலாளர் குடியிருப்புகளும் சேர்த்துத்தான். நிலக்கரி தீர்ந்தது, கம்பெனி போனது, வீடும் தோட்டத் துண்டும் மிஞ்சின. நம் பழுப்பு நிலக்கரியும் ஒருநாள் தீரும். தீரும்போது இங்கே என்ன மிஞ்ச வேண்டும்? முந்திரியும் பலாவும் கீரையும் விளைகிற மண்ணா, வெடிப்பு விட்ட பேவர் பிளாக்கா?

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் வாசலிலும் பக்கவாட்டிலும் சிமெண்ட் பூசாதீர்கள். கார் நிறுத்த இரண்டு தடம் போதும். நடுவில் மண் மூச்சு விடட்டும். பாம்புக்குப் பயந்தால் புதரை வெட்டுங்கள், தோட்டம் போட்ட இடத்தில் புதர் இருக்காது. இலையில் தூசி படிகிறது என்பவர்கள் இரண்டு தண்ணீர் கூடக் கழுவுங்கள். கடையில் வாங்கும் கீரையும் திறந்த வெளியில்தான் விளைந்தது. வீடு காலி செய்யும்போது ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை, ஜன்னல் கண்ணாடி எத்தனை என்று எண்ணுகிறோமே, அந்தப் பட்டியலின் கீழே நாமாகவே ஒரு வரி சேர்த்து எழுதுவோம்: காய்க்கிற மரம் இத்தனை, உயிருள்ள பாத்தி இத்தனை. அலுவலகம் கேட்காவிட்டாலும், அடுத்து வருகிறவருக்காக எழுதி சமையலறை மேடையில் வைத்துவிட்டு வருவோம், பக்கத்தில் ஒரு பொட்டலம் விதையோடு.

என் பட்டியல் தயாராக இருக்கிறது. பலா ஒன்று (வைத்தவர் பெயர் தெரியாது), கறிவேப்பிலை இரண்டு, முருங்கை ஒன்று, பாத்தி பதினான்கு, மேல்மண் ஒரு சாண். மகனுக்கு எப்போது மாற்று வீடு வந்தாலும் தேதி மட்டும் போட வேண்டியதுதான். அதுவரை ஆடியில் அவரை விதைப்பேன், தையில் கீரை தெளிப்பேன். விதை வேண்டுபவர்கள் வாருங்கள். அவரை, புடலை, கொத்தவரை மூன்றும் கைவசம் இருக்கின்றன.